தனி அடுப்பு

பெரியவன் ஓர் ஒற்றை அடுப்பைத் தூக்கிவந்து, செத்துப்போன தம்பியின் மனைவி படுக்கும் அறையில் வைத்தான். "இனிமே உனக்கு வேண்டியதை இதுல பண்ணிக்கம்மா. எல்லாம் உன் சௌகரியத்துக்குத்தான்," என்றான். அவன் அப்படித் தேன் ஒழுகப் பேசுகிற ஆளே இல்லை. அதனால்தான் தங்கைக்காரி அவனையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தங்கை சமூகவியல் படிக்கிறாள். வீட்டில் அவளுக்கு 'ஆராய்ச்சி' என்று பட்டப்பெயர். தெருவிலுள்ள குடும்பங்களை ஆராயப் போகிறாள். குடும்பம் என்ற கருத்தை முதலில் வரையறுத்துக்கொள், யாரிடம் போவது, எதைக் கேட்பது என்பதெல்லாம் அப்புறம் தானே வரும் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று வரையறுத்தவள், அதைப் போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் பீற்றிக்கொண்டாள். அவள் படிப்புக்கு ஒருநாளும் காதுகொடுக்காத பெரியவன் கைகூடக் கழுவாமல் கேட்டான்.

"அப்ப அடுப்பு வேறன்னா குடும்பமும் வேறயா?"

"ஆமாண்ணே, அப்படித்தான் எடுத்துக்குவோம்."

அண்ணன் கேட்டுவிட்டானே என்று பூரித்துப்போனாள், பைத்தியக்காரி. நுணல் தன் வாயால் தான் மட்டும் கெடும். இவள் வாய் அண்ணியையல்லவா கெடுத்துவிட்டது!

அன்று முதல் அண்ணி பெரிய அடுப்பில் எல்லோருக்கும் ஆக்கிப்போட்டாள். பிறகு தன் அறைக்குப் போய் ஒரு பிடி பொங்கித் தனியாகச் சாப்பிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அம்மா உட்பட.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பேச்சு எடுத்தார்கள். அவள் தனிக் குடும்பமாகிவிட்டாள், இனி இந்த வீட்டில் அவளுக்குப் பாத்தியதை இல்லை, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றான் பெரியவன். அப்பா தலையாட்டினார். பெரியவன் தங்கை பக்கம் திரும்பினான்.

"நம்ம ஆராய்ச்சியே சொன்னதுதான். சொல்லும்மா."

அவள் உள்பக்கம் எட்டிப் பார்த்தாள். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது. கண்ணால் பார்ப்பது கருத்துக்குள் அடங்கவில்லையென்றால் கருத்தைத் திருத்து, மனிதர்களை வெட்டாதே என்று பேராசிரியை ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது.

"நான் வரையறுத்ததே தப்புண்ணே. யாரு எங்க சாப்பிடறாங்கன்னு பார்த்தேன், யாரு ஆக்கிப் போடறாங்கன்னு பார்க்கலை. அண்ணி வேற குடும்பம்னா நம்ம அடுப்புல அவங்களுக்கு என்ன வேலை?"

படித்த திமிர் என்று பெரியவன் உறுமினான். அதற்குள் அண்ணி கையைத் துடைத்தபடி சமையலறை வாசற்படிக்கு வந்துவிட்டாள். புருஷன் போனபின் அவள் குரல் கூடத்தில் கேட்டதே இல்லை.

"பெரியவர் சொல்றது சரிதான் மாமா. நான் வேற குடும்பம். உங்க அடுப்பை இனிமே தொட மாட்டேன். ஆனா அந்த அறை உங்க சின்ன மகன் கட்டினது. அதைவிட்டு நான் போக மாட்டேன்."

உள்ளே போய்ப் பெரிய அடுப்பை அணைத்தாள். அரிசி பாதி வெந்த நிலையில் உலை அடங்கியது. தன் அறைக்குப் போய்ச் சின்ன அடுப்பைப் பற்றவைத்தாள். ஆராய்ச்சியும் எழுந்து அவள் பின்னால் போனாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"அப்ப இன்னிக்குச் சாப்பாடு?" என்றார் அப்பா. அத்தனை பேச்சுக்கும் பிறகு அவருக்குக் கேட்கத் தோன்றியது அது ஒன்றுதான்.