பட்டன் இல்லாத சட்டை

கிளினிக் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் என் வீட்டுக்காரரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. கை மரத்துப்போகிறதாம், ஃபோர்மேன் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்திருந்தார். எனக்கோ வயிறு வேறு விஷயத்துக்காக எரிந்துகொண்டிருந்தது.

பதினேழு வருடமாகக் கான்கிரீட் உடைக்கும் மெஷினைப் பிடிக்கிற மனிதர். காலர் வைத்த சட்டையைத் தவிர எதையும் தொடமாட்டார். மூன்று மாதமாக டீ-ஷர்ட்டாக வாங்கி மாட்டிக்கொண்டு திரிகிறார். லேஸ் கட்டுகிற ஷூ போய், காலை நுழைத்தால் போதும் என்கிற ஷூ வந்தது. வீட்டிலேயே சவரம் செய்துகொள்கிறவர் இப்போது வாரம் இரண்டு தடவை சலூனுக்குப் போகிறார்.

"அக்கா, நாப்பத்தெட்டு வயசுல மாமா இப்படி மினுக்குறார்னா சும்மா இல்ல. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு" என்றாள் என் தங்கை. பார்த்தேன். டீ-ஷர்ட்டை முகர்ந்தேன், சிமெண்ட் வாடைதான் அடித்தது. போனைத் துழாவினேன். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததனாலேயே சந்தேகம் இன்னும் கூடியது. ஆள் கெட்டிக்காரர் ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா ஒரு துண்டுக் காகிதத்தை அவருடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, "விடாம பிடிங்க" என்று சொல்லி இழுத்தார். மேஜைமேல் கிடந்த காகிதத்தை எடுப்பது போல வந்துவிட்டது. மறுபடி வைத்தார். மறுபடியும் வந்தது. அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே சதை இருக்க வேண்டிய இடத்தில் குழி விழுந்திருந்தது. தினமும் பார்க்கிற கை, என் கண்ணில் படவே இல்லை.

"சட்டை பட்டன் போட முடியுதா?"

அவர் தலை நிமிரவில்லை. "மூணு மாசமா முடியல டாக்டர். ஷூ லேஸ், ரேசர்... எதுவுமே விரல்ல நிக்கல."

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சிரிப்பும் வந்துவிட்டது. கட்டின புருஷனுக்குக் கை சூம்பிக்கிடக்கிறது, நான் சிரிக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்த நிம்மதி போகமாட்டேன் என்றது.

"சிரிக்கிற விஷயம் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "மெஷினோட அதிர்வுல நரம்பும் சதையும் கெட்டிருக்கு. இனி அதைத் தொடவே கூடாது. இப்பவே விட்டா, இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ அழுவே. வேலையும் போயிடும்னு பயம். என்னை ஸ்டோர் வேலைக்கு மாத்த முடியுமான்னு ஃபோர்மேன்கிட்ட நாளைக்குக் கேக்கணும்" என்றார். பிறகு, "ஆமா, அங்க எதுக்குச் சிரிச்ச?"

"உங்களுக்கு வேற எவளோ இருக்கான்னு நெனச்சேன்."

என்னை உற்றுப் பார்த்தார். "எனக்கா? இந்த மூஞ்சியை எவடி சீந்துவா?" இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய உள்ளங்கைக்குள் என் இரண்டு விரலை வைத்தேன். "எங்க, அமுக்குங்க பாப்போம்."

உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். நெற்றி நரம்பு புடைத்தது. என் விரலில் ஏதோ பட்டது மாதிரிதான் இருந்தது.

"ஐயோ, வலிக்குது! விடுங்க" என்றேன்.

அவர் விடவில்லை.