முதுகில் ஒட்டிய வீடு

வீடு வாங்குவதற்கு முன்னால் அதைப் பரிசோதிக்க ஓர் ஆளை வைக்க வேண்டும் என்பது என் மனைவி இரத்தினம்மாவின் முடிவு. அதற்குத் தக்க காரணமும் அவளிடம் இருந்தது. மாத்தளை டவுனில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டைப் பற்றி, "ஒரு சொட்டு ஒழுகாதுங்க" என்று வீட்டுக்காரர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அது என் தலை. முதல் மழையில் அவள் அடுப்பில் வைத்த ரசம், இறக்கும்போது வைத்ததைவிடக் கூடுதலாக இருந்தது.

"இனிமே சத்தியம் கித்தியம் வேணாம். படிச்ச ஆள் ஒருத்தர் வந்து தட்டிப் பார்த்து, சரின்னு சொன்னாத்தான் வீடு" என்றாள்.

அப்படி வந்து சேர்ந்தவர் உமாசுதன். பொறியியல் படித்துவிட்டு, வீடு வாங்குகிறவர்களுக்காக வீடுகளைப் பரிசோதித்து ரிப்போர்ட் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தார். மஞ்சள் ஹெல்மெட், தட்டிப் பார்க்க ஒரு சின்னச் சுத்தியல், சுவரில் வைத்தால் ஈரத்துக்குத் தக்கபடி கத்தும் ஒரு மெஷின். நல்ல பிள்ளைதான். ஆனால் எந்த வீட்டையும் சரி என்று சொன்னதில்லை. உக்குவளையில் பார்த்த வீட்டில் கிணறும் மலசலகூடக் குழியும் பக்கத்துப் பக்கத்தில் என்றார். அடுத்த வீடு ஒரு பக்கமாக உட்காருகிறது என்றார். மூன்றாவது வீட்டுக்குக் கேட்டைத் திறக்கவே இல்லை. "வேணாம் அங்கிள், அவங்க நாயே வெளிய வந்து படுத்திருக்கு" என்று திரும்பிவிட்டார்.

அன்றைக்கு இரத்தினம்மா சொன்னாள்: "இன்னும் ஒரு வீடு பார்ப்போம். அதுவும் சரி வரலன்னா நான் வவுனியாவுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீங்க இங்கேயே இருந்து ரசம் குடிங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கி, தூசி தட்டி, வெயிலில் காயப் போட்டிருந்தாள்.

நான்காவது வீடு இரத்தோட்டையில். மிளகு, கராம்பு வியாபாரம் செய்யும் மீராசாஹிப் நானாவுடையது. மகள் றிஸ்னாவோடு போய் இருப்பதற்காக வீட்டை விற்கிறார். நான் முன்கூட்டியே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அகலமான விறாந்தை, நல்ல காற்று, முற்றத்தில் ஒரு பலா மரம். எல்லாம் பிடித்திருந்தது. ஆனால் முன் அறைச் சுவரில் ஒரு வெடிப்பு ஓடியது. பின் அறைச் சுவரைத் தொட்டால் கை ஈரமாகியது. இவை உமாசுதன் கண்ணில் பட்டால் வீடும் போகும், அதோடு இரத்தினம்மாவும் வவுனியாவுக்குப் போவாள்.

எனவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். எங்கெல்லாம் பழுது இருக்கிறதோ, அங்கெல்லாம் போய் நான் நின்றுகொள்வது. காசு கொடுத்துப் பரிசோதகரைக் கூட்டி வருகிறவனும் நான், அவரிடமிருந்து பழுதை மறைக்கிறவனும் நான். இதில் என்ன பிழை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மூவரும் போய் இறங்கினோம். மீராசாஹிப் நானா வாசல் வரை வந்தார். அவருடைய மனைவி ஸைனம்பு, இரத்தினம்மாவின் கையைப் பிடித்து நேரே குசினிக்குக் கூட்டிப் போனார்.

"பகலைக்கு இங்கதான் சாப்பாடு. சாப்பிடாம யாரும் போக ஏலாது" என்றார் போகிற போக்கில்.

நானாவின் முகம் சட்டென்று மாறியது. "அவங்களுக்கு வேல இருக்கும் புள்ள. பகலைக்கு முன்னுக்குப் போயிருவாங்க" என்றார். விருந்தாளியைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்கிற மனிதர் இல்லையே என்று நினைத்தேன். ஆனால் யோசிக்க நேரமில்லை. உமாசுதன் சுத்தியலை எடுத்துவிட்டார்.

நான் முந்திப் போய் முன் அறை வெடிப்பின் மேல் சாய்ந்தேன்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளுங்களேன்."

"கால் வலிக்குது தம்பி. நீங்க அந்தப் பக்கம் பாருங்க."

"கதிரை போடவா சேர்?" என்றார் நானா.

"வேணாம் நானா. நிக்கிறதுதான் நல்லம்னு டொக்டர் சொன்னார்."

நானா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு உமாசுதனிடம், "தம்பி, சேருக்குப் பின்னால ஒரு வெடிப்பு இருக்கு. வடிவாப் பாத்துக்கங்க" என்றார்.

விற்கிறவர் காட்டிக் கொடுக்கிறார்!

"ஏன் நானா இப்படி?" என்று காதோடு கேட்டேன்.

"நான் மிளகு எடுக்கப் போனா சாக்குக்கு அடியில கைய விட்டுத்தான் எடுப்பேன் சேர். மேலால அள்ளிக் காட்டுறவன்கிட்ட வியாபாரமே இல்ல. எனக்கும் அதே சட்டந்தானே?" என்றவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆனா வாங்க வந்தவரே சாக்கு மேல ஏறி உக்காந்தத இன்னைக்குத்தான் காணுறேன்."

அதற்கும் நான் மசியவில்லை. பின் அறைக்கு ஓடினேன். அண்மையில் நீல டிஸ்டெம்பர் அடித்த சுவர். ஈரம் பெரிய இடத்துக்குப் பரவியிருந்ததால் கைகளை விரித்து, முதுகு முழுவதையும் ஒட்டிக்கொண்டு நின்றேன். உமாசுதன் என் இடது தோளுக்குப் பக்கத்தில் மெஷினை வைத்தார். கத்தியது. வலது தோளுக்குப் பக்கத்தில் வைத்தார். இன்னும் பலமாகக் கத்தியது.

"பட்டரி பிழை போல" என்றேன்.

"இருக்கும் அங்கிள்" என்றார் அந்தப் பிள்ளை, சிரிக்காமல்.

இனிக் கூரைதான் பாக்கி. இவ்வளவு நேரமும் குறைகளைத் தேடித் தேடிக் காட்டிய நானா, இப்போது மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, "கூரையெல்லாம் நல்லம் தம்பி. ஏறத் தேவையில்ல. பஸ்ஸும் வாற நேரம்" என்றார். அன்றைக்கு அவர் நல்லம் என்று சொன்ன முதல் பொருள் அதுதான். உமாசுதன் உடனே ஏணி கேட்டார். ஏணியைச் சாத்தி, ஹெல்மெட்டையும் சுத்தியலையும் அதன் மேல் படியில் வைத்திருப்பார், ஸைனம்பு வந்து நின்றார்.

"சோறு ஆறுது. கூரை எங்கயும் போகாது மகன், வாங்க!"

"புள்ள, அவங்க பொறகு..." என்று நானா இழுத்தார்.

"வீடு தேடி வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பினா நான் நாளைக்குத் தெருவுல தல காட்ட ஏலுமா?"

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். கத்தரிக்காய்க் கறியும் கோழியும் மணக்க, முதல் கவளம் வாய்க்குப் போகவில்லை, கூரையில் தடதடவென்று ஒரு சத்தம். தட்டில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது.

"காத்து" என்றார் நானா.

இரத்தினம்மா யன்னலால் எட்டிப் பார்த்தாள். "காத்துக்கு வால் இருக்கே நானா?"

பலா மரத்திலிருந்து கூரைக்குக் குரங்குகள் குடும்பம் குடும்பமாகக் குதித்துக்கொண்டிருந்தன. நானா தலை குனிந்தார். "தினமும் பகலைச் சோத்து நேரத்துக்கு வருவாங்க. ஆனா இது வீட்டுப் பழுது இல்ல தங்கச்சி, ஊருக்கே உள்ளது. அதுக்குத்தான் உங்கள முன்னுக்கே அனுப்பப் பார்த்தேன். இந்தப் பொம்புள விட்டாத்தானே!"

"எனக்கு என்ன தெரியும்? சோறு போடுறது குத்தமா?" என்றார் ஸைனம்பு.

அதற்குள் உமாசுதன் கையைக்கூடக் கழுவாமல் முற்றத்துக்கு ஓடியிருந்தார். பெரிய ஆண் குரங்கு ஒன்று அவருடைய ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு முகட்டில் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று சுத்தியலை எடுத்து, ஓடு ஓடாகத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் காதைக் கொடுத்துக் கேட்டது. உமாசுதன்கூட அவ்வளவு கவனமாகத் தட்டி நான் பார்த்ததில்லை.

அவர் கல்லெறியவில்லை, கத்தவும் இல்லை. திரும்பி ஓடி வந்து, சீலிங் பலகை ஒன்றைத் தள்ளி, தலையை உள்ளே விட்டு டோர்ச் அடித்தார். மேலே குரங்குகள் குதிக்கின்றன, கீழே மேசை மேல் நிற்கும் இரண்டு கால்கள் மட்டும் எங்களுக்குத் தெரிகின்றன. அந்தக் கால்களையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வவுனியா பஸ் என் கண் முன்னால் வந்து நின்றது.

"நானா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கூரைக் கைமரம் என்ன பலாவா?"

"பலாதான் தம்பி. எங்க வாப்பா போட்டது."

உமாசுதன் இறங்கினார். தலையெல்லாம் ஒட்டடை, முகமெல்லாம் சிரிப்பு. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இவ்வளவு பாரத்த வச்சு ஒரு கூரைய நான் எப்படிச் சோதிப்பேன் அங்கிள்? அத்தன பேரும் குதிக்கிறாங்க, ஒரு மரம் நெளியல. வெடிப்பு பூச்சுல மட்டுந்தான். பின்னால மழைத்தண்ணி ஓடுற பீலி ஒடஞ்சிருக்கு, அந்தத் தண்ணிதான் பின் சுவருக்கு இறங்குது. பீலிய மாத்தி, கூரைக்கு மேல வலை போட்டா, ஆன்ட்டி, இந்த வீட்ட தாராளமா வாங்கலாம்."

நான் துள்ளி எழும்ப இருந்தேன். இரத்தினம்மாவின் குரல் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

"வெடிப்பா? ஈரமா? இவர் முன்னுக்கே வந்து பார்த்தாரே, ஒரு குறையும் இல்லன்னாரே?"

"அங்கிள்தான் ஆன்ட்டி எல்லாத்தையும் காட்டித் தந்தார். அவர் எங்கெங்க போய் நின்னாரோ அங்கங்க பார்த்தேன். வேல சுகமா முடிஞ்சுது."

"நான் எங்க நின்னேன்? சும்மா..." என்று எழும்பி, சோற்றுக் கையைக் கழுவுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பினேன்.

"யா அல்லாஹ்!" என்றார் ஸைனம்பு. "என்ட சுவர் இங்க வந்துட்டு!"

என் வெள்ளைச் சேட்டின் முதுகு முழுவதும் நீலம். இரத்தினம்மா உமாசுதனின் மெஷினை எடுத்து வந்து என் முதுகில் வைத்தாள். அது போட்ட சத்தத்தில் கூரையில் ஒரே அமளி. ஹெல்மெட் உருண்டு முற்றத்தில் விழுந்தது, அதற்குப் பின்னால் சுத்தியலும். பலா மரத்தில் ஒரு வால்கூட மிச்சமில்லை.

"தம்பி, இந்த மெஷின் எங்க வாங்கலாம்?" என்றார் நானா.

"நீங்கதான் விக்கிறீங்களே நானா, இனி உங்களுக்கு எதுக்கு?" என்றாள் இரத்தினம்மா. மெஷினைக் கீழே வைத்துவிட்டு, ஆறிப்போன சோற்றின் முன்னால் உட்கார்ந்தாள். "வீட்ட நாங்க எடுக்கிறோம். பீலியும் வலையும் நீங்க போட்டுத் தாங்க. இவர நான் கொண்டுபோய் வெயில்ல காயப் போட்டுக்கிறேன்."