ஆர்தர் கரையாமல் நின்ற விதம்

லாலாகுடாவில் ஆர்தர் குளிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனார். முதலில் போனது இடதுகைச் சுண்டுவிரல். பிறகு கழுத்து மச்சம், அதன்பின் நிழல். ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர் எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். துண்டோடு வந்து, இன்று எது குறைகிறது என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார். டாக்டர் சத்து மாத்திரை எழுதித் தந்தார். குளிப்பதை நிறுத்திப் பார்த்தார்கள், வியர்வையிலும் கரைந்தார். குளியலறைத் தண்ணீர் பாயும் பப்பாளி மரம் அவரைப் போலவே தொண்டையைக் கனைக்கத் தொடங்கியதும், தெருக்காரர்கள் அதற்கும் ஒரு குட்மார்னிங் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மகள் எமிக்குத்தான் மனசு கேட்கவில்லை. மாதாப்பூர் ஆய்வுக்கூடம் ஒன்றில், மஞ்சள் விளக்கு மட்டும் எரியும் அறையில், ஒளியில் இறுகும் பசைக்குள் லேசரைப் பாய்ச்சி, ரவையைவிடச் சிறிய மருந்துக் கூடைகள் பின்னுவது அவள் வேலை. பின்னி முடித்துக் கழுவினால், இறுகாத பசையெல்லாம் கரைந்து போய்விடும். ஞாயிறுதோறும் அப்பாவைப் பார்க்க வருவாள். வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போதே அம்மா டோரிஸ் சமையலறைக்குள் போய்விடுவார். எமி ரிஜிஸ்டர் ஆபீசில் சுதர்சனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இப்படித்தான். அன்றைக்கு ஆர்தர் மட்டும் போய் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்திருந்தார்.

"அவகிட்ட சொல்லுங்க, காபி ஆறுதுன்னு" என்று சுவருக்கு அந்தப்புறமிருந்து குரல் மட்டும் வரும்.

ஒரு ஞாயிறு, அப்பாவின் மோவாய் இருந்த இடத்தில் பின்னாலிருந்த காலண்டர் தெரிந்தது. எமி அழுதுவிட்டாள்.

"எதுக்கு அழறே, மா? ஷேவிங் மிச்சம்" என்றார் ஆர்தர்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேராகச் சமையலறைக்குள் போனாள். "மம்மி, எங்க பசை ஒரு ஒளித்துகள் பட்டா இறுகாது. ரெண்டு துகள் ஒரே நேரத்துல, ஒரே புள்ளியில வந்து சேரணும். நாம ரெண்டு பேரும் டாடியைச் சேர்ந்து பாத்து எத்தனை நாளாச்சு?"

"நக்கோ, வேணாம். உங்கூட உக்காந்து நான் எதையும் பாக்க மாட்டேன்" என்றார் டோரிஸ். அந்நேரம் கூடத்தில் ஆர்தர் இருமினார். பாதி இருமல்தான் கேட்டது. டோரிஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மகளின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூக்கு" என்றாள் எமி. இருவரும் மூக்கைப் பார்த்தார்கள், மூக்கு நின்றது. காது, நெற்றி, தோள் என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒருத்தர் கண்ணை எடுத்தாலும் அந்த இடம் அடுப்புப் புகை மாதிரி ஆடியது. அன்று எவ்வளவு ஆர்தர் குளிக்கப் போனாரோ அவ்வளவும் வெளியே வந்தார். தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆர்தர் பேப்பரைக் கேட்டார்.

ஆனால் அந்த இறுக்கம் ஒரு குளியலுக்குத்தான் தாங்கியது. எமிக்கோ விடிந்தும் விடியாமலும் வேலைக்கு ஓட வேண்டும். டோரிஸ் வெகுநேரம் ஒரே டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உன் வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு ஆபீஸ் போவார்?"

"பத்துக்கு, மம்மி."

"அப்போ காலையில இங்க வரச் சொல்லு. காபி குடிச்சிட்டுப் போகலாம்."

இப்போது தினமும் சுதர்சன் பப்பாளி மரத்தடியில் பைக்கை நிறுத்துகிறான். மரம் கனைக்கிறது; பதிலுக்கு அவனும் கனைத்துவிட்டு உள்ளே போகிறான். போன மோவாய் திரும்பவில்லை. அது இல்லாமலே ஆர்தர் டை கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போய்வருகிறார், தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "நெத்தியில ஆரம்பிங்க, மாப்பிள்ளை" என்று டோரிஸ் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இருவரும் பார்த்து முடித்ததும் ஆர்தர் குளிக்கப் போகிறார்.