அரை மீட்டருக்கு எக்ஸ்.எல்.ஆர்.

“சாம்பார்ல உப்பு இல்லன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன்.”

“ஒரு வார்த்தைதான். அத உங்க அக்காவுக்கு போன் போட்டுல்ல சொன்னீங்க.”

கீழ் வீட்டு ரத்னவேலு எங்கள் இடது ஸ்பீக்கரில் பேசினார். அவர் மனைவி சுலோச்சனா வலது ஸ்பீக்கரில். சண்டை சுத்தமான ஸ்டீரியோவில் வந்தது. சி.டி. பிளேயரில் வீணை ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் லேசாகக் கேட்டது.

பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு அரை மீட்டர் சாதாரண ஆர்.சி.ஏ வயர். வழியில் யார் வந்தாலும் ஏற்றிக்கொள்ளும் ஷேர் ஆட்டோ மாதிரி.

“இத மாத்தப்போறேன்” என்றேன்.

“வீணையையா?” என்றாள் என் மனைவி கோமளா. “அத மாத்துங்க. சண்டை இருக்கட்டும்.”

எங்கள் ஹை-ஃபை குழுவில் கேட்டேன். எக்ஸ்.எல்.ஆர். வயர் பாட்டை இரண்டாக அனுப்பும், ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக என்றார்கள். வழியில் ஒட்டுகிற சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். போய்ச் சேர்ந்ததும் தலைகீழை நிமிர்த்திக் கூட்டினால் பாட்டு மிஞ்சும், சத்தம் அடிபட்டுப் போகும். ஆனால் அதெல்லாம் நீண்ட தூரத்துக்கு. அரை மீட்டருக்குத் தேவையே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதால் வாங்கிவிட்டேன்.

மாட்டினேன். ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. ரத்னவேலு பாதி வார்த்தையில் நின்றுபோனார். வீணை மட்டும் இருந்தது.

மறுநாள் ஆம்ப் வைத்த இடத்திலேயேதான் இருந்தது. ஹால் நீண்டு, அந்த இடம்தான் தள்ளிப் போயிருந்தது. வயரும் கூடவே நீண்டிருந்தது. வீடு நியாயமாக நடந்துகொண்டது. நீண்ட தூரத்துக்கான வயரை வாங்கியவனுக்கு நீண்ட தூரம் கொடுத்தது.

சமையலறை ஆம்ப் பக்கம். கோமளாவும் அந்தப் பக்கம். நான் பிளேயர் பக்கம். முதலில் காபி ஆறி வந்தது. பிறகு அவள் வழிக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தாள். பிறகு வரவில்லை. போன் செய்தாள்.

“வித்தியாசம் தெரியுதா?”

“நல்லா தெரியுது. பின்னால ஒரு சத்தம் இல்ல.”

“இங்க வெளிச்சமும் இல்ல. சுவிட்ச் உங்க பக்கம்.”

போட்டேன். வெளிச்சம் அவளிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். வந்துகொண்டிருக்கிறது என்றாள்.

ரத்னவேலு மேலே வந்தார். செருப்பை வாசலில் விட்டார். மரியாதையானவர்.

“சார், எங்க சண்டை இங்க வருதா?”

“இப்ப வர்றதில்ல.”

“அதான பாத்தேன். போற வழி அடைச்சிருக்கு. நேத்து போட்டது இன்னும் சோபால கெடக்கு. உக்கார எடமில்ல.”

“நீங்க சண்டை போடாம இருக்கலாமே.”

“அரை மீட்டருக்கு இத வாங்குன ஆளு பேசுற பேச்சா சார் இது?”

சோபாவில் கிடந்ததை ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

மறுபடி கோமளா. குரல் மெலிந்திருந்தது.

“பழைய வயர மாட்டுங்க.”

“இவ்வளவு தூரத்துக்கு அத மாட்டுனா ஊர்ச்சண்டை பூரா வரும் கோமளா.”

“வரட்டும். பக்கத்துல ஆளுங்க இருக்கற மாதிரியாவது இருக்கும். இங்க வீணைய விட்டா யாருமில்ல.”

பழைய வயர் கையில் இருக்கிறது. அதே அரை மீட்டர். எக்ஸ்.எல்.ஆர். பூட்டின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு இதைக் குழுவில் எழுதுகிறேன். பிடுங்கினால் ஹால் பழையபடி சுருங்குமா, இல்லை கோமளா இருக்கும் பக்கம் கழன்று தனியாகப் போய்விடுமா?

உங்களில் யாராவது பிடுங்கிப் பார்த்திருந்தால் தயவுசெய்து பதில் போடுங்கள். அரை மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது என்று மட்டும் போடாதீர்கள்.