மூன்றாம் மாடியில் பசு

மூன்றாம் மாடிப் படிக்கட்டின் உச்சியில் நிற்கிறது அந்தப் பசு, நெற்றியில் மஞ்சள், கழுத்தில் வாடாத சாமந்தி, முன்னங்கால் ஒன்றைக் கீழ்ப்படிக்கு நீட்டுகிறது, அவமானப்பட்டதுபோல் உடனே இழுத்துக்கொள்கிறது, எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு மாட்டுக்காரர் கோதண்டம் அதை ஓட்டிவந்து ஏழாண்டுகள் ஆகிவிட்டன, ஆயினும் வங்கி மேலாளர் வாய் திறக்கும்போதெல்லாம் அது என் கண்முன் வந்து நின்றுவிடுகிறது. அன்று ஏறுவதற்குத் தயங்கவில்லை, லிஃப்ட் வரவேண்டிய குழி வெறும் குழியாகவே இருந்ததால் படியேறித்தான் வந்தது, கூடத்தில் சாணமிட்டது, மகாலட்சுமியே வந்துட்டா என்று என் மனைவி சுகந்தி பூரித்தாள், இறங்கத்தான் மறுத்தது. மாடு ஏறும் சார், எறங்காது, கீழ பாத்தா அதுக்குப் பயம், என்றார் கோதண்டம், இத முன்னாடியே சொல்றதுக்கென்ன என்றேன், ஏத்தணும்னுதான சார் கேட்டீங்க என்றார்.

உங்களுக்கு நாலு வழி இருக்கு சார், என்கிறார் மேலாளர், பில்டர் இரண்டாம் கட்டடத்தைத் தூண்களோடு விட்டு மறைந்துவிட்டான், சாலை வழக்கில் கிடக்கிறது, கடனில் இன்னும் ஐம்பது லட்சம் நிற்க வீடு முப்பத்தொன்றுக்குத்தான் போகும், தவணைய நீட்டிக்கலாம், எழுபத்தோரு வயசுல முடியும், என்று அவர் முதல் விரலை மடக்குகிறார், நான் பசுவின் முன் அகத்திக்கீரையை நீட்டுகிறேன், அது தின்றுவிட்டு நிற்கிறது, வாடகைக்கு விடலாம், ஆனா தவணைல பாதிகூட வராது, கயிற்றைப் பிடித்து இழுக்கிறோம், சாவிய எங்ககிட்ட குடுத்துடலாம், ஏலத்துல குறையறத உங்ககிட்டதான் கேப்போம், பின்னாலிருந்து தள்ளுகிறோம், நீங்களே வித்துட்டு மீதிய வேற கடன் வாங்கிக் கட்டலாம், என்று நான்காம் விரலும் மடங்குகிறது, பசு அசையவில்லை. கடைசியில் கோதண்டம் தோள்துண்டை அவிழ்த்து அதன் கண்களைக் கட்டினார், இப்பப் பாருங்க, படியே இல்லன்னு நெனச்சுக்கும், என்றார், அது இறங்கியது, ஒவ்வொரு படிக்கும் உடல் முழுவதும் நடுங்கியது, படி இருப்பது அதற்குத் தெரிந்தே இருந்தது.

நான்காம் விரலைத்தான் பிடித்துக்கொண்டோம், இன்று வாங்க வந்த இளந்தம்பதி சுவர்களைத் தட்டிப் பார்த்தார்கள், குழாய்களைத் திறந்து மூடினார்கள், அந்தப் பெண் சுகந்தியிடம், ஏங்க்கா, கிரகப்பிரவேசத்துக்குப் பசு மேல வருமா என்று கேட்டாள், சுகந்தி என்னைப் பார்த்தாள், வரும் என்றேன். அவர்கள் முன்பணத்தைக் கையில் வைத்துவிட்டுக் கீழே போனபின், எறங்காதுன்னும் சொல்லியிருக்கலாம் என்றாள் சுகந்தி, அவங்க கேக்கலையே என்றேன், என் குரல் கோதண்டத்தின் குரலாக இருந்தது.

கதவைப் பூட்டியாயிற்று, வங்கிக்குப் போகவேண்டும், நமதல்லாத வீட்டுக்காக இனிப் பத்தொன்பது லட்சம் கடன், படியின் உச்சியில் ஒரு காலை நீட்டுகிறேன், இழுத்துக்கொள்கிறேன், என்னங்க இப்படி வேக்குது என்று சுகந்தி முந்தானையால் என் முகத்தைத் துடைக்கிறாள், துணி கண்களின்மேல் ஒரு கணம் தங்குகிறது, அதற்குள் ஒரு படி இறங்கிவிடுகிறேன்.