நீக்கப்பட்ட செவ்வாய்க்கிழமை

எங்கள் ஊர் நீதிமன்றத்தில் ஒருவர் மீதுள்ள வழக்கின் பதிவை நீக்கும்போது, சம்பவம் நடந்த நாளையும் அவருடைய வாழ்க்கையிலிருந்து எடுத்துவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதில் நஷ்டமில்லை. ஒரு குளியல், இரண்டு வேளைச் சாப்பாடு, சில சமயம் ஒரு மழை போகும். அந்த நாளில் கிடைத்தது ஏதாவது மிஞ்சியிருந்தால் அது புகார் கொடுத்தவருக்குச் சேரும்.

என்னுடையது ஒரு செவ்வாய்க்கிழமை. பிரசவ வார்டுக்குள் விட மறுத்த வாட்ச்மேன் பிச்சாண்டியை, கையிலிருந்த பால் பிளாஸ்க்கால் தலையில் அடித்தேன். அன்று இரவு என் மகள் நிறைமதி பிறந்தாள். சாட்சிகள் வராததால் நான் எப்போதோ விடுதலையாகிவிட்டேன். ஆனாலும் வேலை கேட்டுப் போகும் இடத்திலெல்லாம் காவல் நிலையத்தில் விசாரிக்கிறார்கள். என் பெயர் அங்கே அப்படியே இருக்கிறது. இப்போது ஒரு பள்ளியில் வேன் ஓட்டக் கூப்பிட்டிருந்தார்கள். ஓட்டுநரின் பிள்ளைக்கு அங்கே படிப்பு இலவசம்.

பதிவை நீக்க மனுப் போட்டுவிட்டு வக்கீல் மெர்சி ஜெபராணி வழி சொன்னார்.

"ஜட்ஜ் ஒரே கேள்விதான் கேப்பார். அன்னிக்கு வேற ஏதாவது நடந்துச்சான்னு. பொண்ணு பொறந்தான்னு சொல்லுங்க. அதை மட்டும் புதன்கிழமைக்குத் தள்ளி வெச்சிட்டு மிச்சத்தை எடுத்துடுவாங்க. எங்க, சொல்லுங்க பாப்போம்."

"பொண்ணு பொறந்தா."

"ஏன் குத்தத்தை ஒத்துக்கிற மாதிரியே சொல்றீங்க? நல்லா சொல்லுங்க."

வீட்டில் என் மனைவி விசாலி, நிறைமதிக்குச் சீருடை அளவு எடுத்து வைத்திருந்தாள்.

நீதிபதி கேட்டார்: "சம்பவத்தன்று வேறு ஏதேனும் நடந்ததா?"

"இல்லைங்க ஐயா" என்றேன்.

வழக்கு நடந்த காலமெல்லாம், கூண்டில் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல என்னைப் பழக்கியவர் மெர்சி ஜெபராணிதான். பிளாஸ்க் உன்னுடையதா, இல்லை. அங்கே போனாயா, இல்லை. விசாலி உன் மனைவியா என்றதற்கும் இல்லை என்றிருக்கிறேன். எங்கள் ஊரில் கூண்டேறியவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. நீதிபதி எழுதிக்கொண்டார்.

"மாத்திச் சொல்லலாமா மேடம்?" என்று வராண்டாவில் கேட்டேன்.

"சொன்னா பொய் சொன்னதா இன்னொரு கேஸ் வரும். அதை எடுக்க இன்னைய நாளும் போகும்." அங்கியை மடித்துக் கைப்பையில் வைத்தார். "உங்க சம்சாரத்தோட வலி மட்டும் அவங்ககிட்டயே இருக்கும். அவங்க மேல கேஸ் இல்லையே."

மாலையில், அன்று புகார் கொடுத்த பிச்சாண்டி ஆட்டோவில் வந்து, செருப்பை வாசலில் கழற்றினார். அவருக்குப் பிள்ளை கிடையாது. தலையில் இருந்த தழும்பு மறைந்திருந்தது.

"என்னம்மா சாப்பிடுவா?" என்று விசாலியிடம் கேட்டார்.

"கத்திரிக்காயை ஒதுக்கிடுவா. தூக்கத்துல காலைத் தூக்கிப் போடுவா."

"போடட்டும்மா."

நிறைமதி சீருடையை எடுத்துக்கொள்ளவில்லை. "வாங்கப்பா, இருட்டிடும்" என்று அவர் கையைப் பிடித்தாள்.

அடுத்த வாரம் காவல் நிலையத்திலிருந்து சான்றும், பள்ளியிலிருந்து வேன் சாவியும் வந்தன. நீதிமன்ற ஊழியர் பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தார். நெளிசல் நிமிர்ந்திருந்தது. திறந்தேன். பால் சூடாக இருந்தது. டம்ளர் எடுத்தேன்.

"இப்ப ஊத்தாதீங்க" என்றாள் விசாலி. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வலி வந்துடுச்சு. அங்க போய்க் குடிச்சுக்கறேன்."

பள்ளி வேனிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவளைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பிச்சாண்டி சாப்பிடப் போயிருந்தார். வார்டு வாசலில் அவருடைய ஸ்டூலில் நிறைமதி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அவருடைய விசில்.

"ஆம்பளைங்க உள்ள போகக்கூடாதுண்ணே" என்றாள்.

நான் பிளாஸ்க்கை அவள் காலடியில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.