மூட்டில் ஒரு வெள்ளைக் கோடு

என் கணவன் ஓர்வில் பறவைத் தீனி மூட்டையைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து மரத்தொட்டிலில் கிடத்தினான். இருபது பவுண்டு சூரியகாந்தி விதை. நான் சமையலறைத் தொட்டியில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். என் முதுகுதான் அவன் பக்கம் இருந்தது, அதனால் நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். அடுப்பிலிருக்கும் பளபளப்பான கெட்டிலில் அந்த அறையே முழுசாகத் தெரியும் என்பது, நாற்பத்தொரு வருஷம் அதில் காப்பிக்குத் தண்ணீர் காய்ச்சிக் குடித்தவனுக்குத் தெரியவில்லை. குனிந்து, ஒரு விரலால் தொட்டிலை ஆட்டினான். காதை மூட்டருகே வைத்தான். இன்னொரு தரம் ஆட்டினான். இதே கூத்தை நேற்றும் பண்ணினான், முந்தாநாளும் பண்ணினான்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று. எங்கள் மினசோட்டாவில் நவம்பரில் கதவை அடைத்தால் ஏப்ரல்வரை ஆளுக்கொரு கைவேலை வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துவிடுவோம். அவன் கராஜில் மரம் இழைப்பான். நான் சமையலறை மேஜையில் நார்வே பாணிச் சுருள்கொடி வரைவேன். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது இந்தக் குளிர்காலத்தில்தான். எங்கள் மகள் கெர்ஸ்டனின் ஐந்து மாதக் குழந்தைக்காக அவன் தொட்டில் செய்தான். நான் அதில் ஏழு வாரம் வரைந்தேன். கொடி ஒரு பலகையில் தொடங்கி, மூலைக்கால்களின் மேலேறி, அடுத்த பலகைக்குத் தாவி, நாலு பக்கமும் அறுபடாமல் சுற்றி வரும். முன்மூலையில் இருக்கும் நீலப்பூவை நாலு தடவை அழித்து வரைந்தேன். எல்லாம் முடிந்ததும் ஓர்வில் பார்த்து, "பரவாயில்ல" என்றான். எங்கள் ஆட்கள் வீடு பற்றி எரிந்தாலும் 'கொஞ்சம் சூடா இருக்கு' என்பவர்கள். அவன் வாயில் 'பரவாயில்ல' என்றால் அது பதக்கம்.

கெர்ஸ்டன் மூன்று மணிக்கு வருகிறாள். இன்றிரவு குழந்தை தூங்கப்போவது இந்தத் தொட்டிலில்தான்.

"மூட்டைய எதுக்குத் தாலாட்டுற?" என்றேன், திரும்பாமலே.

"சும்மா. ஆட்டம் எப்படி இருக்குன்னு பாக்குறேன்."

"எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

அப்போதுதான் தொட்டில் 'டிக்' என்றது. நகத்தை நகத்தால் சொடுக்கியதுபோல ஒரு சத்தம். ஓர்வில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"பசை செத்துப்போச்சு, மார்லிஸ்," என்றான். "ஒட்டுன அன்னிக்கு கராஜ் ஹீட்டர்ல கேஸ் தீர்ந்துருந்துச்சு. மரமும் குளிர்ந்து கெடந்துச்சு, பசையும் குளிர்ந்து கெடந்துச்சு. புடிச்சிக்கும்னு நெனச்சேன். பத்து நாளைக்கு முன்னாடி பெஞ்சுல சிந்துனதத் தொட்டுப் பாத்தேன். சாக்பீஸ் மாதிரி உதிருது."

"உள்ள எடுத்துட்டு வந்து ஒட்ட வேண்டியதுதானே?"

"மேஜை பூரா உன் பெயிண்ட் இருந்துச்சு. தள்ளி வைன்னு சொல்ல மனசு வரல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மேஜையைக் காலி பண்ண இரண்டு நிமிஷம் ஆகுமா? அதைக் கேட்க வாயில்லாமல், என்னை ஏழு வாரம் செத்த மூட்டின் மேல் வரைய விட்டிருக்கிறான். நன்றாக நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் முதல் நாளே நானும் பார்த்திருந்தேன். மூலைக்காலும் பலகையும் சேரும் இடத்தில் மயிரிழை அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு. பசை பிதுங்கியதை அவன் துடைக்க மறந்துவிட்டான், சொன்னால் மனம் வாடுவான் என்று நினைத்து, அதன் மேலேயே நீலப்பூவை வரைந்து மூடினேன்.

அதைச் சொன்னேன். அவன் எழுந்து வந்து அந்தப் பூவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"பொம்மை வைக்கிற தொட்டில்னு சொல்லிடலாமா?" என்றான் கடைசியில். "மறுபடி ஒட்டணும்னு மூட்டப் பிரிச்சா உன் பெயிண்ட் பேத்துக்கிட்டு வரும். எங்க வரும்னு சொல்ல முடியாது."

சரி என்று சொல்லத்தான் நினைத்தேன், வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. கெர்ஸ்டன்.

"பெட்ரோல் போட நிக்கிறோம்மா. இன்னும் பத்து நிமிஷம். பாப்பாவோட மடக்குக் கட்டில எடுத்துட்டு வரல. அதான் தொட்டில் இருக்கே."

"இருக்கு," என்றேன். "பாத்து ஓட்டு."

விதை மூட்டையைத் தூக்கித் தரையில் வைத்தேன். மேஜையைத் துடைத்துக் காலி பண்ணினேன். உண்மையிலேயே இரண்டு நிமிஷம்தான் ஆனது. இருவரும் தொட்டிலைத் தூக்கி அதன்மேல் வைத்தோம்.

"கொட்டாப்புளிய எடு," என்றேன்.

அந்த மரச்சுத்தியலை எடுத்து வந்தான். ஓங்கவும் செய்தான். கை இறங்கவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் இன்ஜின்களை அடித்து நிமிர்த்திய கை அது.

"முடியல. பூ பாக்குது," என்றான்.

பாத்திரம் துடைக்கும் துண்டை எடுத்து நீலப்பூவின் மேல் போர்த்தினேன். "இப்ப பாக்கல. அடி."

தட்டினான். அதை அடி என்றே சொல்ல முடியாது, கதவைத் தட்டும் அளவுதான். பலகை காலைவிட்டு முழுசாகக் கழன்று வந்துவிட்டது. பலகை முனையில் துளைக்குள் செருகியிருந்த கழுந்திலிருந்து வெள்ளைத் தூள் மேஜையில் கொட்டியது. நாங்கள் இருவரும் அந்தத் தூளைப் பார்த்தோம். இன்றிரவு அது எங்கே கொட்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

துண்டை எடுத்தேன். பூ பாதி காலிலும் பாதி பலகையிலுமாகப் பிளந்திருந்தது. நடுவில் விரல் அகலத்துக்கு வெற்று மரம்.

வாசலில் உறைபனி நொறுங்கியது. கார் நின்று, கதவு சாத்தி, குளிரில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. இன்னும் மூன்று மூலைகள் இருந்தன. ஓர்வில் என் கையிலிருந்து துண்டை வாங்கி, அடுத்த மூலையில் இலைகளின் மேல் அதைப் போர்த்தி, ஓரங்களை இழுத்துவிட்டான்.